கல்விக்கு மருந்துண்டோ?

மலையகத்திலே, அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குச் செல்லும் மாணாக்கன், குடும்பம் முழுவதன் நம்பிக்கையையும் தோளிற் சுமந்து செல்கிறான். பல்கலைக்கழகத்தின் வாயிலோ குறுகியது. ஆதலின், மருத்துவர் எழுதித் தராத மருந்தை உண்டேனும் கண்விழித்துப் படிப்போம் என்னும் எண்ணம் போட்டி மிகுந்த எவ்விடத்தும் எழக்கூடும். அது முறையாகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அம்மருந்துகளுள் முதன்மையானது 1944இல் சுவிற்சர்லாந்தில் ஆக்கப்பட்ட மெதில்பெனிடேற். அம்பெற்றமைனும் மொடபினிலும் அத்தகையனவே. கவனக்குறைபாட்டு நோயுடைய பிள்ளைக்கு மெதில்பெனிடேற் உற்ற துணையாகும். அப்பிள்ளை அதனை உண்பதை எவரும் இகழலாகாது. ஆயின் மருத்துவர் அதனைக் கொடுக்குங்கால், நாடியையும் குருதியமுக்கத்தையும் உடல் நிறையையும் இடையிடையே சோதித்துக்கொள்வார். தானே வாங்கி உண்பவனுக்கு அக்காவல் இல்லை. உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மனப்பதற்றம், ஈற்றில் விடமுடியாத பழக்கம் என்பன அவனைத் தொடரக்கூடும். 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை மெதில்பெனிடேற்றையும் அம்பெற்றமைனையும் கட்டுப்பாட்டிற்குள் வைத்தமை இதனாலன்றோ? நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். இங்கோ நோயுமில்லை, மருத்துவனுமில்லை. மருந்து தனித்து நிற்கின்றது.

“தேநீரும் விழிப்பைத் தருவதுதானே?” என மாணாக்கர் வினவலாம். நல்ல வினா. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டது முதல் நம் மலைகள் உலகிற்கு விழிப்பை ஏற்றுமதி செய்து வருகின்றன. தேநீரிலுள்ள கஃபீனும் ஊக்கிப்பொருளே. ஆயினும் ஒரு கோப்பையிலுள்ள அளவு சிறிது. பல தலைமுறைகள் பழகி அறிந்தது. அளவு மீறின் அதுவும் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெடின், பகலிற் கற்றது நினைவில் நிலைபெறாது.

அன்றியும், இம்மருந்து அறிவைப் பெருக்குமோ எனின், அதுவும் ஐயத்திற்கிடமானது. 2023இல் மெல்பேண் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயற்ற நாற்பதின்மருக்கு இம்மருந்துகளைக் கொடுத்துச் சிக்கலான கணக்குகளை விடுவிக்கச் செய்தனர். மருந்துண்டபோது முயற்சி கூடிற்று. முயற்சியின் தரமோ குறைந்தது. கூடுதலாக உழைக்கிறோம் என்னும் மயக்கம் கற்றலாகுமா?

இனி, நீதியைப் பற்றிய வினா. “நகரத்து மாணவனுக்குத் தனிவகுப்பும் தேர்ந்த ஆசிரியரும் உளர், எமக்கு ஒரு மாத்திரையேனும் ஆகாதா?” என்பர். இவ்வினாவிலுள்ள வேதனை மெய்யானது. ஆயின் அது காட்டும் வழி பிழையானது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. எனவே மாவட்ட இடத்திற்காக இங்கு ஒருவன் மாத்திரையால் முந்துவானாயின், பின்தள்ளப்படுபவன் கொழும்புச் செல்வனல்லன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையே. மேலும், மாத்திரை விலைக்கு வருவது. பணமுடையோன் அதனையும் முதலிற் பெறுவான். 2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், கல்வித் தேர்ச்சிக்காக அனுமதியின்றி இத்தகைய மருந்துண்பதை ஏமாற்றுச் செயலெனத் தன் ஒழுக்கவிதியிற் சேர்த்தது.

மாணாக்கரை மாத்திரம் கடிந்துரைத்து அமைதல் எமக்கு அழகன்று. கொழுந்தை நிறுக்கும் தராசு தோட்டத் தொழிலாளியின் உடல் வருத்தத்தை என்றும் நிறுத்ததில்லை. அவர்தம் பிள்ளையின் உடலையும் புள்ளிக்காக நாம் வருத்துவதோ? பழைய மாணவருள் மருத்துவரும் மருந்தாளரும் ஆசிரியரும் உளர். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்து கைமாறாதிருக்க மருந்தாளர் காக்க. கவனங் குறைந்த பிள்ளையை ஆசிரியர் அடியாது மருத்துவரிடம் அனுப்புக. பொருளுடையோர் மலையகப் பள்ளிகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியரும், மாலையில் ஒளியுள்ள படிப்பறையும் கிடைக்க உதவுக. பத்து மணிக்கு விளக்கணைத்து உறங்கிய பிள்ளையும் பல்கலைக்கழகம் புகும் நிலையை ஆக்குதலே நாம் செய்யத்தக்க மருத்துவம்.