அயர்லாந்துப் பாட்டனைத் தேட எந்த வழி?

என் வரலாற்று வகுப்பில் பெரம்பூர், புனித தோமையார் மலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். குடும்ப வரலாற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால் பலர் வீட்டிலும் ஒரே கதைதான்: அயர்லாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மதராஸ் வந்த ஒரு பாட்டன். அவரைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டார் நெருக்கடி ஒன்று. “நாம் பிரபு வம்சம், குலச்சின்னத்தைக் கண்டுபிடி” என்பார்கள். அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது. ஓபிரையன் என்ற பெயர் இருப்பதாலேயே நமக்கு உரியதாகிவிடாது. பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவனின் வரலாறு எந்தப் பிரபுவின் வரலாற்றுக்கும் குறைந்ததில்லை.

வழக்கமான வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1864 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள். பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் அழிந்தன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது. 1850இல் கப்பலேறிய சிப்பாய் எஞ்சிய கணக்கெடுப்புகளில் இருக்கமாட்டான். ஊரில் தங்கிய அவன் தம்பி தங்கைகள் இருக்கலாம்.

இந்த இழப்பைக் கேள்விப்பட்டதும் பிள்ளைகள் தாவுவது டி.என்.ஏ. பரிசோதனைக்கு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி பணம் கட்டுவார், குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் “அயர்லாந்து 6 சதவீதம்” என்று வண்ண வரைபடம் வரும். அந்தச் சதவீதம் நிறுவனம் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடு. அடுத்த ஆண்டு மாதிரிகளைப் புதுப்பித்தால் எண்ணும் மாறும். பாட்டன் எந்த ஊர், யார் மகன் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

உறவினர் பட்டியல் வருமே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 1825 வாக்கில் பிறந்தவர் இன்றைய மாணவனுக்கு ஆறு தலைமுறை மேலே. அந்தப் படியில் 64 பேர். ஒருவர் பங்கு சராசரியாக 2 சதவீதம்கூட இல்லை. அவருடைய தம்பியின் வழியில் வந்தவரும் இந்த மாணவனும் பொதுத் துண்டு எதுவுமே இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். என் மாணவி ஒருத்திக்கு பாஸ்டனில் ஓர் உறவு கிடைத்தது. அந்த அம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் “கிளேர் கவுண்டி” என்ற இரண்டு சொற்கள். இருவரும் மாதக்கணக்கில் கடிதம் எழுதி, தெரியாததையே பரிமாறிக்கொண்டார்கள். அக்கம்பக்க ஊர்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கிராமங்களில் ஒருவரோடு ஒருவர் பல வழிகளில் உறவு என்பது இன்னொரு சிக்கல். பரிசோதனை செய்தே தீரவேண்டும் என்றால், காகிதத்தில் ஊரைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டில் மூத்த பாட்டிக்குச் செய்யுங்கள்.

ஊர் என்று நான் சொல்வது டவுன்லேண்டை. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு அது. 60,000க்கு மேல் இருக்கின்றன, ஒரே பெயரில் பலவும் உண்டு. அதனால் பங்கின் பெயரும் கவுண்டியும் கூடவே வேண்டும். அதற்குத் தேடலை இந்தியப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மதராஸ் மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளும் கம்பெனிப் படைக்கு ஆள் எடுத்த பதிவேடுகளும் இருக்கின்றன. பின்னவற்றில் பிறந்த இடத்தைக் குறித்திருப்பார்கள்.

ஊர் கிடைத்துவிட்டால், என் ஓட்டு நில ஆவணங்களுக்கே. கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை நடந்தது. நம் அடங்கல் மாதிரி யாரிடம் எந்த நிலம், பரப்பு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லும். ஒரே ஊரில் மூன்று பேட்ரிக் கெல்லி இருந்தால் அப்பன் பெயரையோ தலைமுடி நிறத்தையோ அடைப்புக்குறியில் சேர்த்திருப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தவை பின்னால் வந்த திருத்தப் புத்தகங்கள். குத்தகைக்காரர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவர் பெயரை அடித்து, விதவை அல்லது மகன் பெயரை மேலே எழுதி, ஓரத்தில் ஆண்டைக் குறிப்பார்கள். திருத்தத்துக்குத் திருத்தம் மையின் நிறம் மாறும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை ஒரே வயலில் ஏறி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். எந்த வண்ண வரைபடமும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பதும் உண்மை. வரைபடமும் எண்ணும் பிடிக்கும் பிள்ளை நிலத்தின் வழியே போகட்டும். கிறுக்கல் கையெழுத்தோடு மல்லுக்கட்டும் பொறுமை உள்ளவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு. அங்கே ஞானப்பெற்றோர் பெயரை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள். ஒரு பருவம் முழுக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம். தோழியின் வண்ணப் படத்தைப் பார்த்து அப்போது வழி மாறாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குலச்சின்னத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பழைய திருமணச் சான்று, ரயில்வே பணிப் புத்தகம், பைபிளின் முதல் தாளில் எழுதிய பிறந்த தேதிகள் எல்லாவற்றையும் பிள்ளை கையில் கொடுங்கள்.