இரண்டாவது துண்டு

அன்புள்ள தங்கைக்கு,

சுபாங் ஜெயாவில் ஆய்வு வேலை கிடைத்துவிட்டது, இம்யூனோதெரபி பலருக்கு ஏன் பலிக்கவில்லை என்பதைத்தான் ஆராயப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கிள்ளானிலிருந்து ரயிலில்தானே போவாய்? ஒரு நாள் சுபாங் ஜெயாவில் இறங்காமல் கேஎல் சென்ட்ரல் வரை போ. பிரிக்பீல்ட்ஸில் வெற்றிலை பாக்கு விற்கும் கடை முன்னால் கொஞ்ச நேரம் நில். உன் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம். அதிலும் நம் பெண்களிடம். பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு வெற்றிலைதான் களைப்புக்கு மருந்து. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிக்கை வெளியிட்டது. பாக்கு கன்னத்துச் சதையை நார் நாராக இறுக்கிவிடும். வாய் திறந்து ஒரு கவளம் சோறு வைக்க முடியாமல் தவிப்பவர்களைப் பார்ப்பாய். சிறுநீர்ப்பைப் புற்றில், கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுவில் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் வேலை செய்து, புற்றைத் தாக்கும் டி செல்களை வெளியிலேயே நிறுத்திவிடுவதை 2018-இல் காட்டினார்கள். பாக்கு இறுக்கிய வாயிலும் அதுதான் நடக்கிறதா? நம் ஆட்களின் திசுவைப் பார்க்காமல் இதற்குப் பதில் வராது. டி செல்கள் எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்திவிடாதே. உள்ளே நுழைந்திருக்கின்றனவா, வாசலிலேயே நிற்கின்றனவா என்று பார்.

தலை, கழுத்துப் புற்று திரும்ப வந்தவர்களுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை 2016-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 13 பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. எல்லோரும் அந்த 13 பேரைப் பற்றிப் பேசினார்கள். மற்ற 87 பேர் உன் பொறுப்பு.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. மெலனோமா என்ற தோல் புற்று முதலில் இதே வகை மருந்துக்கு அடங்கி, பிறகு மீண்டும் வளர்ந்த நான்கே பேர். இருவரின் கட்டியில் இன்டர்ஃபெரான் சமிக்ஞையைக் கேட்க உதவும் ஜாக் மரபணு கெட்டிருந்தது. ஒருவருக்கு, செல் தன் அடையாளத்தை வெளியே காட்டத் தேவைப்படும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போயிருந்தது. நான்காமவருக்குக் காரணம் பிடிபடவில்லை. நான்கு பேரை வைத்து இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த திசு இரண்டும் கையில் இருந்ததுதான்.

அந்த இரண்டாவது துண்டுதான் கிடைக்காது. எனக்கு ஒரு முறை ஓர் அம்மாவிடமிருந்து கிடைத்தது. அவசரத்தில் முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். உயிருள்ள செல்களைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அத்தோடு போனது. அந்த அம்மாவிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதத்தில் அவரும் போய்விட்டார். ஆகவே, திசு கேட்கப் போகும் முன் குழாயில் பெயரும் தேதியும் எழுதி, திரவ நைட்ரஜன் தயாராக இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்த்துக்கொள்.

கேட்பதையும் பழகு. டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே. மறுக்க முடியாமல் தலையாட்டிவிடுவார்கள். படிவம் மலாயில் இருந்தாலும் நீ தமிழில் சொல். "இது எனக்கு உதவுமா, கண்ணு?" என்று ஒரு பாட்டி கேட்பார். "உங்களுக்கு உதவாது பாட்டி, பின்னால் வரப்போறவங்களுக்கு உதவலாம்" என்று உள்ளதைச் சொல். சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. கூட வந்த மகனின் முகத்தைப் பார்க்காதே. பாட்டியே வாய் திறக்கட்டும். வேண்டாம் என்றால், அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு வா.

அன்புடன்,
உன் அக்கா