அடுப்படியில் நிற்பவருக்கும் ரமளான் உண்டு

கேள்வி: ஹஜ்ரத், எங்களுடையது கூட்டுக் குடும்பம். ஸஹருக்கு எழுந்து சமைப்பது, அஸருக்குப் பின் இஃப்தார் வேலை, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் கவனிப்பது என்றே நோன்பு நாள்கள் ஓடிவிடுகின்றன. தராவீஹுக்குப் பள்ளிக்குப் போக முடிவதில்லை. குர்ஆனை ஒரு தடவைகூட ஓதி முடிக்க முடிவதில்லை. சென்ற வருடம் கடைசிப் பத்தில் ஹைளு வந்து, 27-ஆம் இரவும் போய்விட்டது. எல்லோரும் நன்மை சேர்க்கும்போது நான் மட்டும் வெறுங்கையோடு நிற்பதாக மனம் வெதும்புகிறது. நான் என்ன செய்யட்டும்? மாமியாரின் நோன்புக்கு என்ன வழி?
– ஒரு வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை, சகோதரியே. நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு அவருடைய கூலியைப் போன்றதே கிடைக்கும், அவருடையதில் எதுவும் குறையாது என்ற நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது. வீட்டு உணவை வீணாக்காமல் தர்மம் செய்யும் மனைவிக்கும், அதைச் சம்பாதித்த கணவனுக்கும் தனித்தனியே கூலி உண்டு என்று புகாரியில் வருகிறது. ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும்போதே, 'அல்லாஹ்வுக்காக நோன்பாளிகளுக்கு உணவு தருகிறேன்' என்று நிய்யத் வையுங்கள். கை வேலையில் இருக்கட்டும். நாவு திக்ரிலும் ஸலவாத்திலும் இருக்கட்டும். தேவைப்பட்டால் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம். விழுங்காதவரை நோன்பு முறியாது. புறமும் கோள் பேச்சும் மட்டும் அடுப்படிக்குள் வரக் கூடாது. நாவைக் காக்காதவர் பசித்திருப்பதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

தராவீஹை வீட்டிலேயே தொழலாம். நபி (ஸல்) அவர்கள் சில இரவுகள் பள்ளியில் ஜமாஅத்தாகத் தொழவைத்துவிட்டு, அது கடமையாகிவிடுமோ என்று அஞ்சிப் பின்னர் வரவில்லை. பின்னர் உமர் (ரலி) அவர்கள்தான் தம் காலத்தில் உபை பின் கஅப் (ரலி) அவர்களை இமாமாக்கி, ஒரே ஜமாஅத்தாக மக்களை ஒன்றுசேர்த்தார்கள். தராவீஹ் சுன்னத்தான தொழுகை. மாமியார் உறங்கிய பிறகு இரண்டிரண்டு ரக்அத்தாக, முடிந்த அளவு நிதானமாகத் தொழுங்கள்.

உங்களுக்கு வாய்த்த பெரிய செல்வம் ஸஹர் நேரம். வீடே உறங்கும்போது நீங்கள் விழித்திருக்கிறீர்கள். இரவின் கடைசிப் பகுதி துஆ ஏற்கப்படும் நேரம். கால் மணி நேரம் முன்னதாக எழுந்து இரண்டு ரக்அத் தஹஜ்ஜுத் தொழுது, பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

குர்ஆனை ஒவ்வொரு பர்ளுக்குப் பிறகும் நான்கு பக்கம் ஓதினால், மதீனா முஸ்ஹஃபில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஜுஸ்உ ஆகிவிடும். அது இயலாவிட்டால் இரண்டு பக்கம் போதும். ஒரு மாதத்தில் முடித்தே தீர வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை.

ஹைளு உங்கள் குற்றம் அன்று. அந்நாள்களில் நோன்பை விடுவதே அல்லாஹ்வின் கட்டளை. ஆகவே விடுவதும் கீழ்ப்படிதல்தான். நோன்பைப் பிறகு களாச் செய்ய வேண்டும், தொழுகையைச் செய்ய வேண்டியதில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். லைலத்துல் கத்ரை 27-ஆம் இரவு ஒன்றோடு முடித்துவிடாதீர்கள். 21, 23, 25, 27, 29 என்று கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த அந்த இரவில் தொழ முடியாத பெண்ணுக்கும் துஆ, திக்ர், இஸ்திஃபார், ஸதகா எல்லாம் திறந்தே இருக்கின்றன. அந்த இரவு கிடைத்தால் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, மன்னிப்பை வேண்டும் ஒரு சிறிய துஆவைத்தான் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதை ஓதத் தொழுகை விரிப்பு தேவையில்லை.

உங்கள் மாமியார் குணமடைவார் என்ற நம்பிக்கை இல்லாத நிலையில் இருந்தால், விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா போதும். அளவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குணமாகும் நோய் என்றால், குணமான பின் களாச் செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய ஃபித்ராவையும் மறந்துவிடாதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு ஸாவு, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் சேர வேண்டும்.

இனி, இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றார்கள் ஆயிஷா (ரலி) அவர்கள். கடைசிப் பத்தில் தம் குடும்பத்தாரையும் நபியவர்கள் இபாதத்துக்காக எழுப்பினார்கள். அப்படியிருக்க, வீட்டு ஆண்கள் பள்ளியில் நின்று வணங்க, பெண்கள் பலகாரம் சுட்டே களைத்துப்போவது எந்த சுன்னத்? அந்தப் பத்து நாளாவது பேரீச்சம்பழம், பள்ளிவாசல் கஞ்சி, எளிய சோறு என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதையும் தாயைக் கவனிப்பதையும் மகன்கள் முறைவைத்துப் பங்கிடட்டும். தாய்க்குச் செய்யும் பணிவிடை முதலில் அவர்கள் பொறுப்பு. அது அவர்களுக்கும் ரமளானின் நல்லமல்தான்.

உங்கள் உழைப்பையும் இபாதத்தையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.