குடத்துள் இட்ட ஓலை

நுழையும்முன்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தேர்தல் விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

சபையும் விதிகளும்

உத்திரமேரூர், பல்லவர் காலத்தில் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர். அதனை ஆண்ட மன்றம் ‘சபை’ எனப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்தில், அரச அலுவலர் உடனிருக்க, 919ஆம் ஆண்டில் சபை தேர்தல் விதிகளை வகுத்தது. 921இல் அவற்றைத் திருத்தியது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 35 முதல் 70 வரை என மாறியது.

கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் மறைக்கல்வியும் தகுதிகளாயின. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பதவி வகித்தவர் விலக்கப்பட்டார். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஊர்ப்பொருளைக் கையாள்வோர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இவ்விதியின் உயிர்.

குடவோலை

ஊர், முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். முதியோர் முதல் இளையோர் வரை கூடிய சபையில், மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பதறியாச் சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் ஓர் ஓலையை எடுத்துத் தருவான். நடுவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதனைப் பெற்றுப் படிப்பார். ஓலை மாற்றப்படவில்லை என்பதற்கு விரிந்த விரல்களே சான்று. பின்னர், அங்கிருந்த நம்பிமாரும் அதனைப் படிப்பர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் 360 நாள் பணியாற்றினர்.

அன்றும் இன்றும்

அக்குடத்தில் பெண்ணின் பெயரில்லை. நிலமற்ற உழவர் பெயரும் இல்லை. இன்று, 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவரும் வாக்காளராகலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அன்று அடைத்திருந்த கதவு திறந்துவிட்டது. கணக்குக் கேட்கும் கடமையோ இன்று நம் அனைவருடையதும் ஆகும்.

சிந்தனை வினா

கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கியது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.