பணம் குறையும்போது எதைக் காப்பது?



இம்மாதப் பாடம், சபைகளில் நாம் பேசத் தயங்கும் ஒரு காரியத்தைக் குறித்தது. வளரும் பிள்ளைகளுக்கு உடல் மாற்றங்கள், மாதவிலக்கு, பால்வினை நோய்கள், எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது? பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. பிள்ளைகளோ தங்கள் வயதுத் தோழரிடம் கேட்கிறார்கள். ஆகவே சில வாலிபரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லும் முறை உண்டாயிற்று. அவர்களை இங்கே இளம் வழிகாட்டிகள் என்று அழைப்போம்.

இந்தப் பணியும் அதன் நிதியும்

1986ஆம் ஆண்டு நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்பு எய்ட்ஸ் தடுப்புக்கென்று வெளிநாட்டு நிதி வந்தது. வாலிபருக்கான திட்டங்களும் பெருகின. 2014 ஜனவரியில் இந்திய அரசு 10 முதல் 19 வயதினருக்கான தேசிய நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1,000 மக்களுக்கு 2 ஆண், 2 பெண் என 4 இளம் வழிகாட்டிகள், ஒவ்வொருவருக்கும் 15 முதல் 20 பேர் கொண்ட குழு என்பது அதன் ஏற்பாடு.

ஆனால் நிதி எப்போதும் ஒரே சீராக வருவதில்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்காவில் அந்த உதவியை நம்பியிருந்த பல திட்டங்கள் சில நாட்களிலேயே தடுமாறின. பணம் குறையும் நாளில் எதை விடுவது, எதைக் காப்பது என்று முன்னமே தீர்மானித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. நாங்கள் கற்றுக்கொண்ட மூன்று பாடங்களைச் சொல்லுகிறோம்.

1. ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும்

16 வயதில் பயிற்சி பெற்ற பிள்ளை 18 வயதில் கல்லூரிக்கோ வேலைக்கோ ஊரை விட்டுப் போய்விடும். புதியவர்களைப் பயிற்றுவிப்பதை இரண்டு ஆண்டுகள் நிறுத்தினால் திட்டத்தின் பெயர் மட்டுமே மிஞ்சும். 2 தீமோத்தேயு 2:2ஐ வாசித்துப் பாருங்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ளவர்கள், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள் என நான்கு தலைமுறையினர் அந்த ஒரே வசனத்தில் நிற்கிறார்கள். விடுவதற்கு வேறு எத்தனையோ உண்டு: டி-ஷர்ட், பேனர், வாடகை மண்டபம், டிசம்பர் 1 பேரணியின் ஆடம்பரம்.

2. கூட நிற்கும் நர்ஸை விடக்கூடாது

வரவுசெலவைச் சுருக்கும்போது, "பிள்ளைகளே நடத்திக்கொள்வார்கள்" என்று நர்ஸின் கிராம வருகையை வெட்டத் தோன்றும். அது பெரிய தவறு. "எனக்கு இப்படி நடந்தது" என்று ஒரு சிறுமி தன் 16 வயதுத் தோழியிடம் அழுதுகொண்டே சொன்னால், அந்தத் தோழி என்ன செய்வாள்? 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நேரும் பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 1098 என்ற எண்ணிலும் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும். ஆனாலும் இந்தப் பாரத்தை ஒரு பிள்ளை தனியே சுமக்கலாகாது. நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால், அந்த ஊரில் இப்பணியை நடத்தாமலிருப்பதே மேல்.

3. பெற்றோரையும் சேர்க்க வேண்டும்

தான்சானியாவின் மவான்சா பகுதிக் கிராமங்களில் 1999இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆசிரியர் கற்பிக்க, மாணவ வழிகாட்டிகள் துணைநின்றார்கள்; சுகாதார நிலைய ஊழியரும் பயிற்சி பெற்றார்கள். 2007–2008இல் திரும்ப ஆராய்ந்தபோது, பிள்ளைகள் கற்ற அறிவு நிலைத்திருந்தது. ஆனால் எச்.ஐ.வி. தொற்று குறைந்ததாகக் காணவில்லை. இதை உங்களுக்கு மறைக்க மாட்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டாரும் ஊராரும் மனம் மாற வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. இங்கேதான் சபைக்கு வாசல் திறந்திருக்கிறது. பெற்றோரைக் கூட்டிப் பேச அதிகப் பணம் தேவையில்லை.

உங்கள் சபை செய்யக்கூடியது

ஞாயிறு பள்ளி அறையை மாதம் ஒரு மாலை திறந்துகொடுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அல்லது ஆசிரியை இருந்தால் எங்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். வழிகாட்டிகளின் பஸ் செலவை ஒரு ஐக்கியம் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: ஆலய வளாகத்தில் நடக்கிறது என்பதற்காக மருத்துவ உண்மையைக் குறைத்துச் சொல்லும்படி கேட்காதிருங்கள். எந்த மதத்துப் பிள்ளையும் தயக்கமின்றி வரட்டும். ஆணுறையைப் பற்றிக் கேட்டாலும் நர்ஸ் நேர்மையாகப் பதில் சொல்லட்டும்.

ஒருமுறை பெரிய தொகையாகத் தருவதைவிட, சிறிதானாலும் தவறாமல் ஆண்டுதோறும் வரும் காணிக்கை இப்பணிக்கு அதிகம் உதவும். அடுத்த ஆண்டும் பயிற்சி நடக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க அதுவே துணை.

கலந்துரையாட

1. நம் சபைப் பிள்ளைகள் இக்கேள்விகளை இப்போது யாரிடம் கேட்கிறார்கள்?

2. வெளி உதவி முற்றிலும் நின்றால், நம் ஊரில் எதை நாமே தாங்க முடியும்?

3. ஒரு பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தால், உடனே போகக்கூடிய பெரியவர் நம் நடுவே யார்?

ஜெபிக்க

இளம் வழிகாட்டிகளுக்காகவும், அவர்களோடு நடக்கும் நர்ஸுகளுக்காகவும், வாய்திறந்து சொல்ல இன்னும் ஆள் கிடைக்காத பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.