தவணைக்கு முந்தின நாளே போய்ப் பாருங்கள்

கன்னிவாடிப் பக்கத்து மகளிர் குழுத் தலைவிகளுக்கு: தவணை கட்டாத ஒருத்தியிடம் இரக்கம் காட்டினால் குழுவே கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். இரக்கத்தையும் தள்ளுபடியையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் பயம் அது.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "உன்னாலதான் அடுத்த கடன் நிக்குது" என்று சொல்லிவிட்டால் அவள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டாள். வட்டிக்காரரிடம்தான் போவாள். உங்களுக்குத் தெரியவரும்போது ஒரு கடன் இரண்டாகியிருக்கும்.

ஆகவே முந்தின நாளே அவள் வீட்டுக்குப் போங்கள், தனியாக. பணப் பேச்சை எடுக்காமல், "உடம்பு எப்படிக்கா இருக்கு, காட்டு வேலை கிடைக்குதா?" என்று கேளுங்கள். மழை பொய்த்தால் களையெடுப்பு இல்லை. தக்காளி விலை விழுந்தால் பறிப்புக் கூலியும் இல்லை. காரணம் அதுவென்றால் வழி உண்டு. குழுச் சேமிப்பிலிருந்து கொடுத்த கடனைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுச் சிறு தவணைகளாகப் பிரிக்கலாம். வங்கிக் கடனென்றால் நாள் தவறும் முன்பே மேலாளரைப் பாருங்கள். நிலுவை 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும்.

உங்கள் கைப்பணத்தைப் போட்டு மூடாதீர்கள். அது ஒருத்திக்கு மட்டும் கிடைத்த சலுகையாகிவிடும். தீர்மான நோட்டில் எழுதியது நாளைக்கு வேறொருத்திக்கும் பயன்படும்.

இப்படி இரக்கத்தை எல்லாருக்குமான ஏற்பாடாக மாற்றுவதை நம் வட்டாரத்திலேயே பெரிய அளவில் செய்து காட்டியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே விதவையாகி, அதன்பின் டெல்லியில் மருத்துவம் படித்து, 1947-ல், மறுமணம் செய்துகொண்ட கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்னாளபட்டியில் சிறு சிகிச்சை நிலையமாக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. 1952-ல் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் போனார். வந்த நோயாளிக்கு வைத்தியம் பார்த்ததோடு நின்றிருந்தால் அவர் நல்ல மருத்துவர், அவ்வளவுதான். தன் கருணையை அவர் நிறுவனமாக்கினார். 1984-ல் அவர் மறைந்த பிறகும் அந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கிறார்கள்.

வசதி இருந்தும் கட்டாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களிடமும் தனியாகவே பேசுங்கள். ஆனால் நாள் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நாளும் தவறினால், உங்கள் சொந்தக்காரியாகவே இருந்தாலும், கூட்டத்தில் வையுங்கள்.