டியூப் மாற்ற வீடா, பஞ்சர் கடையா?

பைக்கின் டியூபை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பயப்படுகிறார்கள். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவது ஒரு வேலை. ரிம்மிலிருந்து டயரைப் பிரிப்பது வேறு வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் முதலாவது வந்துவிடும். இரண்டாவதற்குத்தான் கை பழக வேண்டும். ஆகவே வீடா கடையா என்ற கேள்விக்கு நடுவில் ஒரு வழியும் உண்டு. சக்கரத்தை நீங்கள் கழற்றி, அதை மட்டும் கடைக்கு எடுத்துப்போகலாம். காற்றில்லாத வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்; தள்ளும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழிவதும் இல்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதற்கு முன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா என்று அங்கே அச்சிட்டிருக்கும். ஸ்போக்ஸ் என்றால் டியூப், அலாய் என்றால் டியூப்லெஸ் என்று சொல்லிவிடுவது வழக்கம், பாதிதான் சரி. அலாய் வீலுக்குள் டியூப் போட்டு வந்த பழைய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. ஹிமாலயன் 450இல் ஸ்போக்ஸ் சக்கரமே டியூப்லெஸ்ஸாகவும் கிடைக்கிறது.

டியூப்லெஸ் என்றால் முடிவு எளிது. பஞ்சரை வீட்டில் பாருங்கள், டயர் மாற்றுவதைக் கடைக்கு விடுங்கள். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரத்தால் சுத்தம் செய்து, சொல்யூஷன் தடவிய ரப்பர் திரியைச் செருகிவிட்டால் போதும். சக்கரத்தையே கழற்ற வேண்டியதில்லை. தரையில் உருளும் பகுதிக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். பக்கவாட்டில் குத்தியிருந்தால் டயரை மாற்றிவிடுங்கள். புது டியூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். கால் பம்புக்கு அந்த வேகம் வராது. லீவர் பட்டு அலாய் ரிம்மின் விளிம்பு கீறினால் அந்த வழியாகவும் காற்று கசியும்.

டியூப் வண்டிதான் வீட்டில் கற்றுக்கொள்ள ஏற்றது. லீவர் மூன்று, வால்வு சாவி, சோப்புத் தண்ணீர், கால் பம்பு, வண்டிக்குரிய ஸ்பேனர்கள். இவ்வளவுதான் சாமான். முன் சக்கரத்தில் தொடங்குங்கள். செயின் தொல்லை இல்லை. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது. பேடுகளுக்கு நடுவே ஒரு தடித்த அட்டையைச் செருகி வையுங்கள்.

லீவர் போட்டு இழுத்தும் டயர் வராதபோது பலர் பலத்தைக் கூட்டுகிறார்கள். தேவை பலம் அல்ல, இடம். ரிம்மின் நடுப்பகுதி ஓரங்களைவிடப் பள்ளமானது. ஒரு பக்கம் லீவர் போடும்போது நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், லீவர் பக்கம் டயர் தானாகத் தளரும். திரும்பப் போடும்போதும் அதே விதிதான். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வு அருகே வந்து முடியுங்கள். டியூபில் அதன் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று இருக்கட்டும். காற்றே இல்லாத டியூப் மடிந்து லீவருக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கும். புது டியூப் அங்கேயே ஓட்டையாவது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய டியூபை ஒட்டுவதா, புதிது போடுவதா? நடுவழியில் புதிதைப் போடுங்கள், பழையதை வீட்டில் நிதானமாக ஒட்டி ஸ்பேராக வையுங்கள். தேய்த்த இடத்தில் தடவிய சொல்யூஷன் காய்ந்து ஒட்டும் பதத்துக்கு வரும் வரை காத்திருந்தால்தான் பேட்ச் நிற்கும். ரோட்டோரத்தில் அந்தப் பொறுமை யாருக்கும் வராது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டுவதில் பயனில்லை. பஞ்சரை அடைக்கும் திரவம் ஊற்றிய டியூபிலும் பேட்ச் சரியாகப் பிடிக்காது. புது டயர் போடும்போது டியூபையும் மாற்றிவிடுங்கள்; ஓடி விரிந்த பழைய டியூப் புது டயருக்குள் மடிப்பு விழும். எதைப் போட்டாலும், முதலில் டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படியே போடுங்கள்.

பின் சக்கரம் கொஞ்சம் நேரம் கேட்கும். பிரேக் ராடு, செயின் அட்ஜஸ்டர், பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பி எல்லாம் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டியவை. கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிரம் பிரேக் வண்டியில் ஒன்றை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். முன் சக்கரத்தில் பிரேக் தட்டின் பள்ளம் ஃபோர்க்கின் புடைப்பில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சக்கரத்தில் அந்தக் கம்பியின் நட் முறுக்கியிருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் பிரேக் பிடித்ததும் தட்டும் சேர்ந்து சுற்றும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். இதில் நம்பிக்கை வராதவர்கள் பின் சக்கரத்தை மெக்கானிக்கிடமே விடலாம்.

நகருக்குள் ஓட்டுகிறவருக்கு, தெருமுனையில் கடை இருக்கும்வரை, சக்கரம் கழற்றத் தெரிந்தாலே போதும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை டியூப் வண்டியில் ஏறுகிறவர்கள், இருட்டிய பிறகு காட்டுப்பாதையில் திரும்புகிறவர்கள் முழு வேலையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் செய்து பழகியே ஆக வேண்டும். வண்டியோடு வந்த சாமான்களை மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். எந்த ஸ்பேனர் குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முடித்ததும் டிஸ்க் பிரேக்கைச் சில முறை அழுத்தி இறுக்கம் வந்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். காற்றழுத்தம் வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இருவர் போகும்போது பின் டயருக்குக் கூடுதல் அளவு தனியாகக் குறித்திருப்பார்கள். வால்வு சாய்ந்து நின்றால் காற்றை இறக்கி நேராக்குங்கள், இல்லாவிட்டால் ஓட ஓட அடியில் கிழியும். புது டயரின் மேற்பரப்பு முதல் நூறு கிலோமீட்டர் வரை வழுக்கும். அதுவரை வளைவுகளில் அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள்.